இழை அறுந்தால் தறி நிற்கும்

ரயில் பெட்டியில் தொங்கும் சிவப்புச் சங்கிலியைச் சின்ன வயதில் ஒருமுறையாவது இழுத்துப் பார்க்க ஆசைப்படாதவர்கள் குறைவு. கை நீளும்போதே அப்பாவின் அதட்டல் வந்துவிடும். அதட்டலுக்கு ஆதாரம் சங்கிலிக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்: தக்க காரணமில்லாமல் இழுத்தால் அபராதம், சிறை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆவது பிரிவு அது. ஓராண்டு வரை உள்ளே போகலாம், 1,000 ரூபாய் வரை அபராதம் கட்டலாம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

ரயிலுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியை, தன் ஊர் வந்துவிட்டது என்பதற்காக ஒருவர் நிறுத்தக் கூடாதுதான். ஆனால் நாம் வேலை பார்க்கும் இடங்களிலும் இதே சங்கிலிதான் கண்ணுக்குத் தெரியாமல் தொங்குகிறது. பக்கத்தில் எழுதியிருக்கும் எச்சரிக்கையும் அதேதான். ஓர் அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டைப் படத்தின் தலைப்பில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது. அதை முதலில் பார்ப்பவன் தாள் அடுக்கும் பையன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, முதலாளி ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று அவன் அடுத்த கட்டை எடுத்து அடுக்குகிறான். ஐயாயிரம் பிரதி அச்சாகி, கட்டுக் கட்டி, கடைக்குப் போன பிறகு தப்பு வெளியே வருகிறது. அப்போது எல்லோருக்கும் திட்டு விழும். பையனுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

ஜப்பானில் ஒரு கார் தொழிற்சாலையில் இதற்கு நேர்மாறாக ஒரு கயிறு கட்டினார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அதை இழுக்கலாம். தப்பைப் பார்த்தும் இழுக்காமல் விடுவதுதான் அங்கே குற்றம். தலைமைப் பண்பு, பணியிடப் பண்பாடு என்று இன்று நிர்வாகக் கல்லூரிகளில் நடத்தும் பாடங்கள் பலவற்றுக்கு அந்தக் கயிறு ஒரு மூதாதை. கார் தொழிற்சாலையில் கட்டப்பட்டாலும் அது பிறந்த இடம் தறிக்கூடம்.

அறுந்த இழை

சகிச்சி டொயோடா 1867இல் பிறந்தார். ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில், இன்று கோசாய் நகரத்துக்குள் அடங்கிவிட்ட ஒரு சிற்றூர். அப்பா தச்சர். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் கைத்தறியில் நெய்துகொண்டிருந்தார்கள். தச்சு கற்ற பையனுக்குத் தறியின் மேல் கண் போனதில் ஆச்சரியமில்லை. 1890இல் டோக்கியோவில் நடந்த தொழில் கண்காட்சிக்குப் போய், இயந்திரங்களின் முன்னால் நாள்கணக்கில் நின்று பார்த்தார். அடுத்த ஆண்டே முதல் காப்புரிமையை வாங்கினார். இரண்டு கையும் வேண்டியிருந்த தறி வேலையை ஒரு கையால் செய்யவைத்த மரத்தறி அது.

1896இல் அவர் விசைத்தறி செய்தார். ஜப்பானியர் ஒருவர் செய்த முதல் விசைத்தறி என்று அதைச் சொல்வார்கள். அதில் இருந்த ஒரு சின்ன ஏற்பாட்டிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானே நின்றுவிடும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறியில் உட்கார்ந்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கைத்தறியில் இழை அறுந்தால் நெய்பவர் விரல் அதை உணரும். கால் தானாக நிற்கும். அறுந்ததை முடிந்துவிட்டு மேலே போவார். விசைத்தறிக்கு விரலும் இல்லை, கண்ணும் இல்லை. அறுந்தது தெரியாமல் அது அடித்துக்கொண்டே போகும். முழம் முழமாகக் குறைத் துணி விழும். அதனால் தறிக்குப் பக்கத்தில் ஒருவர் எப்போதும் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வேலையை இலகுவாக்க வந்த இயந்திரம் மனிதரைத் தனக்குக் காவல்காரராக வைத்துக்கொண்டது.

இழை அறுந்தால் நிற்கும் ஏற்பாடு இங்கிலாந்துத் தறிகளில் முன்பே உண்டு. சகிச்சியின் சாமர்த்தியம் அதோடு நின்றுவிடாததில் இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் அதையே நோண்டிக்கொண்டிருந்தார். 1924இல் வந்த ஜி மாடல் தானியங்கித் தறியில், ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா, ஓட்டம் நிற்காமலே மாறியது. நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தாலும் தறி நின்றது. பாவு இழை ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைத் தொங்கவிடுவது இந்தத் தொழிலில் வழக்கமான உத்தி. இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு அதன்மேல் சவாரி செய்யும். இழை அறுந்தால் தாங்க ஆளில்லாமல் தகடு கீழே விழும். அது விழுந்த கணத்தில் தறி நிற்கும். எந்த இழை என்று தேடவும் வேண்டாம், விழுந்த தகடே காட்டிக்கொடுத்துவிடும்.

காவல் வேலை போனது. ஒருவர் முப்பது தறிகளையும் அதற்கு மேலும் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ், உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்ற கம்பெனி, இந்தத் தறியின் காப்புரிமைக்கு ஒரு லட்சம் பவுண்டு தர ஒப்பந்தம் போட்டது. இங்கிலாந்தைப் பார்த்து இயந்திரம் செய்யக் கற்ற நாட்டிடம் இங்கிலாந்தே வாங்க வந்தது. மறு ஆண்டு சகிச்சி இறந்துபோனார்.

கயிறு

மகன் கீச்சிரோவுக்குக் கார் மேல் பித்து. 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியாகப் பிறந்தது. குடும்பப் பெயரின் ‘டொயோடா’தான் கொஞ்சம் வல்லெழுத்தாகிக் கம்பெனியின் பெயரானது.

தறியின் புத்தியைக் காருக்குக் கொண்டுவந்தவர் தாய்ச்சி ஓனோ. 1932இல் டொயோடா குடும்பத்தின் நூற்பாலையில் சேர்ந்தவர். 1943இல் கார் கம்பெனிக்கு மாறினார். அங்கே அவர் பார்த்த காட்சி அவருக்கு விசித்திரமாக இருந்தது. ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள், அது அறுப்பதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நூற்பாலையில் ஒரு பெண் வரிசை வரிசையாக இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதைக் கண்டு பழகியவருக்கு இது பொறுக்கவில்லை. கோளாறு வந்தால் தானே நிற்கும்படி இயந்திரங்களை மாற்றத் தொடங்கினார்.

இதற்கு டொயோட்டாவில் ஒரு சொல் உண்டு: ஜிடோகா. தானியங்கி என்பதற்கான சாதாரண ஜப்பானியச் சொல்லும் அதே ஒலிதான். ஆனால் எழுதும்போது ‘அசைவு’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ‘மனிதர்’ என்பதைக் குறிக்கும் இரண்டு கோடுகளைச் சேர்த்துவிடுகிறார்கள். சேர்த்ததும் அந்த எழுத்தின் பொருள் ‘உழைப்பு’ என்று மாறிவிடுகிறது. தானாக ஓடுவது மட்டும் போதாது, தப்பு நடந்தால் மனிதரைப் போல உணர்ந்து நிற்கவும் தெரிய வேண்டும் என்பது அந்த இரண்டு கோட்டுக்குள் இருக்கிறது.

இதுவரைக்கும் இயந்திரக் கதைதான். பூட்டும் பிரிவில் சிக்கல் வந்தது. அங்கே நட்டு முடுக்குவதும் கதவு பொருத்துவதும் மனிதர்கள். தகடு தொங்கவிட இடமில்லை. தப்பை உணரக்கூடிய ஒரே கருவி அங்கே நிற்கும் தொழிலாளிதான். அப்படியானால் நிறுத்தும் அதிகாரமும் அவரிடம்தானே இருக்க வேண்டும்? தறிக்குக் கொடுத்த புத்தியையும் உரிமையையும் மனிதருக்குக் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்? கயிறு பிறந்தது இந்தக் கேள்வியில்.

கேள்வி இன்று எளிதாகத் தெரிகிறது. அன்றைக்கு அது கார் உலகத்தின் வேதத்துக்கே விரோதம். 1913இல் ஹென்றி ஃபோர்டு ஹைலாண்ட் பார்க்கில் ஓடும் அசெம்பிளி லைனை அமைத்ததிலிருந்து ஒரே சட்டம்தான்: லைன் நிற்கக் கூடாது. நின்றால் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். தப்பான கார் கடைசிவரை போகட்டும், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். அந்த லைனில் மனிதர்கள் தங்கவில்லை என்பதும் பதிவான செய்தி. 1913இல் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஃபோர்டு 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஐந்து டாலர் தினக்கூலி அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓனோ அதைத் திருப்பிப் போட்டார். நிற்கவே நிற்காத லைன் ஒன்று குறையே இல்லாததாக இருக்க வேண்டும், அல்லது குறையை மறைப்பதாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதல் வகையை அவர் நம்பவில்லை.

கயிறு வேலை செய்யும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். லைன் நெடுக, தலைக்கு மேலே எட்டும் தூரத்தில் கயிறு ஓடுகிறது. திருகாணி சரியாக ஏறவில்லை, ஒருவர் இழுக்கிறார். எல்லோரும் பார்க்கும்படி தொங்கும் பலகையில் அவருடைய இடத்தின் எண்ணில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒரு மெட்டு ஒலிக்கிறது. அந்தப் பலகைக்கு ‘ஆண்டோன்’ என்று பெயர். பழைய ஜப்பானில் காகிதக் கூட்டுக்குள் ஏற்றிவைத்த விளக்கின் பெயர் அது. ஐந்தாறு பேருக்கு ஒருவராக இருக்கும் குழுத் தலைவர் வேகமாக வருகிறார். லைன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தரையில் அடுத்த கோட்டைக் கார் தொடுவதற்குள் சரியாகிவிட்டால் தலைவர் மறுபடி கயிற்றை இழுக்கிறார், விளக்கு அணைகிறது, ஓட்டம் நிற்காது. சரியாகவில்லை என்றால் கார் கோட்டைத் தொட்டதும் அந்தப் பகுதி நிற்கும். கோட்டில் நிற்பதற்கும் காரணம் உண்டு. மற்றவர்கள் கையில் இருக்கும் வேலையைப் பாதியில் விடாமல் முடித்திருப்பார்கள்.

ஆக, கயிறு முதலில் கூப்பிடுவது மனிதரை. நிறுத்துவது அதற்கப்புறம்தான். ஓடி வருபவர் முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். ‘ஏன் இழுத்தாய்’ என்ற கேள்வியை ‘எங்கே சிக்குகிறது’ என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

இந்த நம்பிக்கை சும்மா வந்துவிடவில்லை. 1950இல் டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்றது. பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வெளியேற வேண்டிவந்தது. அதற்குப் பொறுப்பேற்று கீச்சிரோவும் பதவி விலகினார். அதற்குப் பிறகு, மிஞ்சியிருப்பவர்களின் வேலைக்கு ஆபத்தில்லை என்ற எண்ணம் மெல்ல மெல்ல உறுதிப்பட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தோடு எவரும் கயிற்றைத் தொட மாட்டார்கள்.

கடல் தாண்டிய சோதனை

இது ஜப்பானியர்களின் குணம், மற்றவர்களுக்குச் சரிவராது என்று பலர் நினைத்தார்கள். அதற்கு விடை கலிஃபோர்னியாவில் கிடைத்தது.

ஃபிரிமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை, அந்தக் கம்பெனியின் மோசமான ஆலைகளில் ஒன்று என்று பேரெடுத்திருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள் சாதாரணம். குடித்துவிட்டு வருவது, வேண்டுமென்றே காரைக் கெடுப்பது, மூட்டை மூட்டையாகப் புகார்கள். 1982இல் மூடிவிட்டார்கள். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1984இல் அதே இடத்தில் நும்மி என்ற பெயரில் திறந்தபோது, பழைய தொழிற்சங்கமே இருந்தது. முதலில் எடுத்தவர்களில் சுமார் 85 சதவீதம் பழைய தொழிலாளர்கள்தான்.

குழுத் தலைவர்களாக 400க்கும் மேற்பட்டவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். மேலாளர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை கிடையாது. எண்பதைத் தாண்டிய வேலைப் பிரிவுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. ‘இந்த ஆட்களிடமா லைனை நிறுத்தும் உரிமையைக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று அமெரிக்க மேலாளர்கள் திகைத்தார்கள் என்று, அப்போது டொயோட்டாவில் இருந்த ஜான் ஷூக் பிற்பாடு எழுதினார். உரிமையாக இல்லை, கடமையாகவே கொடுக்கப் போகிறோம் என்பதுதான் கிடைத்த பதில்.

வேலைக்கு வராதவர்கள் இரண்டு மூன்று சதவீதமாகக் குறைந்தார்கள். கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. 1988 வாக்கில் விற்பனை படுத்தபோதும் நும்மி யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். கயிறு உண்மையா பொய்யா என்பதைத் தொழிலாளர்கள் அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதையே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வேன் நைஸ் ஆலையிலும் செய்து பார்த்தது. குழுக்கள் வந்தன, அறிவிப்புகள் வந்தன, நம்பிக்கை வரவில்லை. 1992இல் அது மூடப்பட்டது. கயிற்றையும் விளக்கையும் விலைக்கு வாங்கிவிடலாம். ஓடி வருபவரின் முகத்தை வாங்க முடியாது.

சிக்கலும் உண்டு

இதைப் புராணமாக்கிவிடக் கூடாது. 1972இல் டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து மாதக்கணக்கில் வேலை பார்த்த பத்திரிகையாளர் சத்தோஷி கமாட்டா, மூச்சுவிட நேரமில்லாத லைனைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நும்மியைக் கவனித்த அமெரிக்கத் தொழிற்சங்கக்காரர்கள் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: பலகையில் விளக்கு எரியவே இல்லை என்றால், ஆள் அதிகம் என்று முடிவு செய்து வேகத்தைக் கூட்டுகிறார்கள். எப்போதும் யாராவது திணறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? நெருக்கடியால் நடத்தும் நிர்வாகம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். இந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது.

கயிற்றைக் கண்டுபிடித்த வீட்டிலேயே அது மேல்மாடிக்கு எட்டாமல் போனதும் உண்டு. 2010 பிப்ரவரியில் சகிச்சியின் கொள்ளுப்பேரன் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற வேண்டிவந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஆட்களைப் பக்குவப்படுத்தும் வேகத்தைவிடக் கம்பெனி வேகமாக வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். 2023 டிசம்பரில் டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு நடந்தது வெளியானதால் எல்லா வண்டிகளையும் அனுப்புவதை நிறுத்தியது. விசாரித்த குழு சொன்ன முக்கியமான காரணம், நெருக்கும் காலக்கெடு. பூட்டும் லைனில் கயிறு இருந்தது. திட்டம் போடும் அறையில் இல்லை.

பேரப்பிள்ளைகள்

கயிற்றின் வாரிசுகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் தலைவர்கள் 2002இல் ஜப்பானுக்குப் போய்க் கற்றுவந்தார்கள். நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்த ஊழியரும் வேலையை நிறுத்தச் சொல்லி எச்சரிக்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அமேசானில் ஒரே பொருள் பற்றிப் புகார்கள் குவிந்தால், வாடிக்கையாளரிடம் பேசும் சாதாரண ஊழியரே அதை விற்பனையிலிருந்து இறக்கலாம். அதற்கு ஆண்டோன் கயிறு என்றே பெயர்.

சென்னைக்கும் ஜப்பானியத் தர முறைகளோடு தொடர்பு உண்டு. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998இல் வாங்கியது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியது அந்த ஆலைதான்.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது விசித்திரமான ஒன்றைக் கண்டார். நன்றாக நடக்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகமாகத் தப்புச் செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற சொல் நிர்வாக உலகம் முழுக்கப் பரவியது. நல்ல குழுக்களின் ரகசியம் என்ன என்று கூகுள் தன் அலுவலகத்துக்குள் தேடியபோதும் பட்டியலில் முதலில் வந்தது அதுதான். பெயர் புதிது. சங்கதி, தகடு விழுந்ததும் நின்ற தறியிலேயே இருந்தது.

டொயோட்டாவின் பல ஆலைகளில் இப்போது கயிறுகூட இல்லை, பொத்தான் வந்துவிட்டது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நீங்கள் நாலு பேருக்கு மேலே இருப்பவர் என்றால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். சென்ற மாதத்தில் யாராவது உங்களிடம் வந்து, ‘சார், தப்பாயிடுச்சு’ என்று தானாகச் சொன்னார்களா? யாரும் சொல்லவில்லை என்றால், இழை எங்கோ அறுந்திருக்கிறது, தறி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒருவர் தயங்கித் தயங்கி உங்கள் அறை வாசலில் வந்து நின்றால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.